வரேஸின் தலையும் எங்கள் சாரின் கையும்

எங்கள் மிருதங்க சார் நியூ ஜெர்சியில் சொல்லித்தர ஆரம்பித்து 25 வருஷம் நிறைந்தபோது, மாணவர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு சின்ன விழா எடுக்க முடிவுசெய்தோம். மண்டபம் ஒருவர், சாப்பாடு ஒருவர், பொன்னாடை ஒருவர் என்று பொறுப்பைப் பிரித்தார்கள். எனக்குக் கொஞ்சம் வரைய வரும் என்பதால் சாரின் படம் என் பங்குக்கு வந்தது. கையில் மூன்று மாசம் இருந்தது.

முதல் மாசம் முழுக்கப் பென்சிலோடு போனது. போனில் எடுத்திருந்த கச்சேரிப் படம் ஒன்றைப் பார்த்து நாலு தடவை வரைந்தேன். மூக்கு சரியாக வந்தது, நெற்றி விபூதி சரியாக வந்தது, வேட்டிக் கரைகூடச் சரியாக வந்தது. வகுப்புக்கு வரும் அக்கா ஒருவரிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "சார் மாதிரிதான் இருக்கு. ஆனா இவரு வாசிக்கிறவர் மாதிரி இல்லையே" என்றார். அந்த வார்த்தைக்கு என்னிடம் பதில் இல்லை. நாலு படத்தையும் எடுத்து உள்ளே வைத்துவிட்டேன்.

என் அலுவலகம் ஹோபோக்கனில். அங்கிருந்து பாத் ரயிலில் ஆற்றைக் கடந்து, நியூயார்க்கின் 14-ஆம் தெரு நிறுத்தத்தில் இறங்கி, ஹட்சன் ஆற்றுப் பக்கமாக மேற்கே நடந்தால் விட்னி அருங்காட்சியகம். வெள்ளிக்கிழமை மாலை 5 மணியிலிருந்து இரவு 10 வரை கட்டணம் கிடையாது; இணையத்தில் முன்பதிவு செய்துகொண்டு போனால் வாசலில் நிற்க வேண்டாம். படம் சரியாக வராத வெறுப்பில் ஒரு வெள்ளிக்கிழமை அங்கே போனேன். அங்கேதான் எட்கார் வரேஸின் தலையைப் பார்த்தேன்.

வரேஸ் ஓர் இசையமைப்பாளர். தலையைச் செய்தவர் அலெக்சாண்டர் கால்டர். 1930 வாக்கில் பாரிஸில் செய்தது. கல்லில்லை, வெண்கலமில்லை. வெறும் கம்பி. ஏறக்குறைய நிஜத் தலையின் அளவு. ஒன்றரைச் சாண் உயரம் இருக்கும். உள்ளே ஒன்றுமே கிடையாது, காற்றுதான். ஒரு கோடு காகிதத்தை விட்டு எழுந்து வந்து அந்தரத்தில் நிற்பதுபோல் இருக்கிறது. இதைச் சிற்பம் என்பதா, ஓவியம் என்பதா என்று கேட்டால், நான் ஓவியம் என்றே சொல்வேன். வெற்றுவெளியில் வரைந்த ஓவியம் என்று இந்தக் கம்பி முகங்களைச் சொல்வதும் உண்டு. கம்பியின் பருமன் முதலிலிருந்து கடைசிவரை ஒன்றுதான், அதனால் நிழல் தீட்டி ஏமாற்ற முடியாது, அழுத்தி ஒரு கோடு மெல்ல ஒரு கோடு என்று போட முடியாது. கோடு எந்த வழியாகப் போகிறது என்பது ஒன்றே ஒன்றுதான் கையில் இருக்கும் ஆயுதம்.

நேராக நின்று பார்த்தால் ஒரு மனிதர். இரண்டு அடி நகர்ந்ததும் மூக்குக் கோடும் காதுக் கோடும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, சிக்கலாகிப் போகிறது. இன்னும் இரண்டு அடி நகர்ந்தால் சிக்கல் அவிழ்ந்து, பக்கவாட்டில் அதே மனிதர் திரும்பி நிற்கிறார். நான் அதைச் சுற்றி எத்தனை தடவை நடந்தேன் என்று தெரியவில்லை. ஒரு கம்பியைக் கண்ணால் பிடித்துக்கொண்டு, அது எங்கே முகத்தின் விளிம்பாக இருக்கிறது, எந்த இடத்தில் விளிம்பை விட்டு உள்ளே வந்து இன்னொரு உறுப்பாக மாறுகிறது என்று தொடர்ந்து போனேன். பள்ளிக்கூடத்தில் புள்ளிக்கோலத்தைக் கை எடுக்காமல் போட முயன்றது ஞாபகம் வந்தது. இழைக்கோலம் போடுகிறவர்களுக்கு இது சட்டென்று புரியும்: இழை எங்கே திரும்புகிறதோ அங்கேதான் உருவம்.

போகிறவர்களுக்கு ஒரு யோசனை. சின்ன நோட்டும் பென்சிலும் கொண்டு போங்கள், பேனா வேண்டாம். போட்டோ எடுத்து வந்து வீட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். கம்பி உருவத்தை போட்டோவில் பார்த்தால் பாதிதான் கிடைக்கும். ஒரு பக்கத்திலிருந்து எடுத்ததும் அது தட்டையான படமாகிவிடும். அப்புறம், அருங்காட்சியகங்கள் தங்கள் சேகரிப்பில் உள்ள எல்லாவற்றையும் எப்போதும் வெளியே வைத்திருப்பதில்லை. ஒரு குறிப்பிட்ட படைப்புக்காகப் போவதாக இருந்தால் அது இப்போது காட்சியில் இருக்கிறதா என்று முன்கூட்டியே அவர்கள் தளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

வீட்டுக்கு வந்து கால்டரைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். முதலில் கண்ணில் பட்டது, அவர் படித்த இடம். ஹோபோக்கனில் இருக்கும் ஸ்டீவன்ஸ் தொழில்நுட்பக் கல்லூரி. 1919-இல் இயந்திரப் பொறியியல் பட்டம். தினமும் அந்த மேட்டைப் பார்த்தபடிதான் நான் வேலைக்குப் போகிறேன். நானும் இயந்திரப் பொறியியல்தான். தாத்தா, அப்பா இருவரும் சிற்பிகள், அம்மா ஓவியர் என்ற குடும்பத்தில் பிறந்து, பொறியியல் படித்து, சில வருஷம் கிடைத்த வேலைகளைப் பார்த்துவிட்டு, அதன்பிறகு நியூயார்க்கில் ஓவியப் பள்ளியில் சேர்ந்திருக்கிறார். பிலடெல்பியா நகராட்சிக் கட்டடத்தின் உச்சியில் நிற்கும் வில்லியம் பென் சிலை அந்தத் தாத்தா செய்தது. பேரனோ கல்லையும் வெண்கலத்தையும் விட்டு, பையில் குறடும் தோளில் கம்பிச் சுருளுமாகப் பாரிஸில் சுற்றியிருக்கிறார். சின்னப் பையனாக இருந்தபோதே, மின்கம்பி இணைப்பவர்கள் தெருவில் போட்டுவிட்டுப் போன செம்புத் துண்டுகளைப் பொறுக்கி, அக்காவின் பொம்மைகளுக்கு நகை செய்தவர்.

அதற்கு நடுவே ஒரு விஷயம் இருக்கிறது, அதை நான் முக்கியமாக நினைக்கிறேன். நியூயார்க்கில் அவர் பத்திரிகைக்குப் படம் போட்டுச் சம்பாதித்தார். 1925-இல் இரண்டு வாரம் சர்க்கஸ் கூடாரத்தில் உட்கார்ந்து வரைந்தார். மிருகக்காட்சிசாலைகளில் போய் விலங்குகளை வரைந்து, 1926-இல் விலங்குகளை வரைவது பற்றி ஒரு புத்தகமே போட்டார். பூனையும் குரங்கும் நமக்காக அசையாமல் உட்காராது. ஓடுவதை, சோம்பல் முறிப்பதை, சொறிவதை ஒரே இழுப்பில் பிடிக்க வேண்டும். கம்பியைக் கையில் எடுப்பதற்கு முன்பே கோடு அவர் கைக்கு வந்துவிட்டது. எனக்கு வராமல் போனதன் காரணமும் அங்கேயே இருந்தது. நான் சாரைப் பார்த்து வரையவே இல்லை, போனைப் பார்த்து வரைந்திருக்கிறேன்.

கால்டர் என்றால் உலகம் நினைப்பது இந்தக் கம்பி முகங்களை அல்ல. கூரையிலிருந்து தொங்கி, காற்றுக்குத் தானே அசையும் தகடுகளை. 1930 அக்டோபரில் அவர் பாரிஸில் மோந்திரியானின் ஓவியக் கூடத்துக்குப் போகிறார். வெள்ளைச் சுவரில் நிறநிறமாகச் செவ்வக அட்டைகள் குத்தியிருக்கின்றன. இவையெல்லாம் அசைந்தால் நன்றாக இருக்குமே என்று கால்டர் சொல்ல, மோந்திரியான் சிரிக்காமல், வேண்டியதில்லை, என் ஓவியமே போதிய வேகத்தில்தான் இருக்கிறது என்கிற மாதிரி பதில் சொன்னாராம். அந்த ஒரு சந்திப்புதான் தன்னை உருவங்களை விட்ட அரூபக் கலைக்குத் திருப்பியது என்று கால்டரே பின்னாளில் எழுதியிருக்கிறார். 1931-இல் மார்செல் துஷாம்ப் என்ற கலைஞர் அந்த அசையும் சிற்பங்களுக்கு 'மொபைல்' என்று பெயர் வைத்தார். இன்று நாம் கையில் வைத்திருக்கும் மொபைலுக்கு முன்னால் அந்தச் சொல்லுக்கு இப்படி ஒரு வாழ்க்கை இருந்திருக்கிறது.

வரேஸின் தலை சரியாக இந்தத் திருப்பத்தில் நிற்கிறது. 1931 ஏப்ரலில் பாரிஸில் கால்டர் தன் அரூபச் சிற்பங்களை முதன்முதலாகக் காட்சிக்கு வைத்தபோது அதே கூடத்தில் கம்பி முகங்களும் இருந்தன. கண்காட்சியின் தலைப்பிலேயே பருமன், திசை, அடர்த்தி என்ற சொற்களோடு வரைபடங்கள், முகப்படங்கள் என்ற சொற்களும் சேர்ந்து வருகின்றன. அவருக்கு அவை இரண்டு வேலைகளாக இருந்திருக்காது என்பது என் எண்ணம். கம்பி முகத்தை ஒரு நூலில் தொங்கவிட்டுப் பாருங்கள், அது தானாகத் திரும்பும். அங்கிருந்து மொபைலுக்கு ஒரே எட்டுதான். இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. எப்படித் தெரிந்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

முகம் யாருடையது என்று தெரியாமல் முகத்தைப் பார்ப்பது பாதிப் பார்வை. அதனால் வரேஸைக் கேட்க ஆரம்பித்தேன். 1883-இல் பாரிஸில் பிறந்தவர். அப்பா பொறியாளர், மகனும் கணக்கு, பொறியியல் என்று போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர். மகன் இசைக்கு ஓடி வந்து, 1915-இல் நியூயார்க்குக்குக் கப்பலேறினார். தன் இசையை ஒழுங்குசெய்யப்பட்ட ஒலி என்றே சொன்னார். 1928-இலிருந்து சில வருஷம் மறுபடி பாரிஸில் இருந்தார். கம்பித் தலை அந்தக் காலத்தது. அதே சமயம் அவர் எழுதிக்கொண்டிருந்தது 'அயனைசேஷன்'. அணு மின்னேற்றம் பெறுவதைக் குறிக்கும் அதே இயற்பியல் சொல்தான் தலைப்பு. 13 பேர் வாசிக்கும் தாளக் கருவி இசை. மேளங்கள், ஜால்ரா மாதிரியான உலோகத் தட்டுகள், பட்டறைக் கல், அதோடு இரண்டு சைரன். 1933 மார்ச்சில் நியூயார்க்கில் முதல் அரங்கேற்றம். மொத்தமே ஆறு நிமிடத்துக்குப் பக்கம்தான்.

அடுத்த வெள்ளிக்கிழமை விட்னியிலிருந்து கிளம்பி, கிரீன்விச் வில்லேஜில் சல்லிவன் தெரு வரை நடந்தேன். அங்கே 188-ஆம் எண் வீட்டில்தான் வரேஸ், நடுவில் பாரிஸில் இருந்த வருஷங்கள் போக, 1925 முதல் 1965-இல் இறக்கும்வரை குடியிருந்தார். காதில் அயனைசேஷன். இசையில் சைரன் எழும்பி அடங்கும்போது தெருவில் ஒரு ஆம்புலன்ஸ் கடந்து போனது. இரண்டில் எது எங்கே முடிந்தது என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. ஒலி எங்கிருந்து வந்தாலும் கேட்கத் தயாராக இருந்த ஒருவரின் தலை அது என்று அப்போதுதான் மனதில் பதிந்தது.

வகுப்பு முடிந்து ஒரு நாள் சாரிடம் இதைப் போட்டுக் காட்டினேன். எதற்கு என்று சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். வலது கை தொடையில் தானாகத் தட்ட ஆரம்பித்து, நடுவில் நின்றுவிட்டது. மறுபடி தொடங்கியது. மறுபடி நின்றது. முடிந்ததும், "எண்ணிக்கை இருக்கும்மா. ஆனா ஆவர்த்தனம் இல்ல. சமத்துக்குத் திரும்பி வர மாட்டேங்குறார்" என்றார். ஆவர்த்தனம் என்பது தாளத்தின் ஒரு முழுச் சுற்று, சமம் அந்தச் சுற்று தொடங்கும் இடம். கொஞ்சம் யோசித்துவிட்டு, "இவ்வளவு நேரம் சுருதியே இல்லாம நம்மள வச்சிருந்துட்டு, கடைசில மணி விழறப்பதான் சுருதியைக் காட்டறார் பாருங்க. அது பெரிய வேலை" என்றார். நான் திரும்ப வைத்துக் கேட்டேன். உண்மைதான். பியானோவும் குழாய் மணிகளும் கடைசிப் பகுதியில்தான் நுழைகின்றன. பாட்டுக்கு மிருதங்கம் வாசித்தே பழகிய காது அதை முதல் கேட்பிலேயே பிடித்துவிட்டது.

இங்கே ஒரு கிளைக்கதை சொல்ல வேண்டும், எனக்குப் பிடித்த கதை. கால்டர் 1955 தொடக்கத்தில் இந்தியாவுக்கு வந்தார். அகமதாபாதில் கீரா சாராபாய் அழைத்து, தங்க இடம் கொடுத்து, வேலை செய்யப் பொருளும் கொடுத்தார். அவர் அங்கேயே சிற்பங்களும் நகைகளும் செய்தார். கீராவின் சகோதரி கீதா சாராபாய் பக்வாஜ் வாசிப்பவர்; மிருதங்கம் மாதிரியான வடஇந்திய வாத்தியம் அது. பெண்கள் அந்த வாத்தியத்தைத் தொடாத காலத்தில் வாசித்தவர். கீதா 1946-இல் நியூயார்க்கில் அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜுக்கு இந்திய இசையைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தார், பதிலுக்கு அவரிடம் மேற்கத்திய இசை கற்றார். கால்டரின் சிற்பங்களைப் பற்றி 1950-இல் வந்த குறும்படத்துக்கு இசை போட்டது அதே ஜான் கேஜ். ஒரு பக்வாஜும் ஒரு கம்பிச் சுருளும் எப்படியெல்லாம் சுற்றி வந்து ஒரே வீட்டு வாசலில் சேர்ந்திருக்கின்றன! சாரிடம் இதைச் சொன்னபோது பக்வாஜ் வரைக்கும் கேட்டுவிட்டு அந்த வாத்தியத்தைப் பற்றியே அரை மணி நேரம் பேசினார்.

சரி, கம்பிக்கு வருகிறேன்.

அப்பா திருநெல்வேலிப் பக்கம் கட்டட மேஸ்திரி. கான்கிரீட்டுக்கு முறுக்குக் கம்பியை வலைபோல் பரப்பி, சந்திப்புக்குச் சந்திப்பு கட்டுக்கம்பியால் கட்டுவார்கள். சின்ன வயதில் அந்தக் கட்டுக்கம்பி மிச்சத்தில் நான் சைக்கிளும் கட்டிலும் செய்து விளையாடியிருக்கிறேன். இங்கேயும் கட்டுமானச் சாமான் விற்கும் கடையில் அதே கறுப்புக் கம்பி சுருளாகக் கிடைக்கிறது. 16 கேஜ், ஒன்றரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. ஒரு சுருள் நூறு மீட்டர் வரும், எத்தனை தலை செய்தாலும் தீராது. கையெல்லாம் கறுப்பாகும் என்பதால், வெட்டிய துண்டைப் பழைய துணியால் ஒரு தடவை உருவித் துடைத்துவிட்டு எடுங்கள். கைவினைக் கடையில் விற்கும் அலுமினியக் கம்பி இன்னும் மெத்தென்று இருக்கும். ஆனால் தொட்டால் சாய்ந்துவிடும், வளைத்த வளைவு நிற்காது. தொடங்குகிறவர்களுக்கு என் வாக்கு கட்டுக்கம்பிக்குத்தான்.

கட்டிங் பிளேயர் ஒன்று, மூக்கு நீண்ட நோஸ் பிளேயர் ஒன்று போதும். நோஸ் பிளேயரின் வாயில் துணி டேப் சுற்றிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கடித்த கடி எல்லாம் முகத்தில் அம்மைத் தழும்பு மாதிரி தெரியும். பெரிய வளைவுகளை விரலால்தான் வளைக்க வேண்டும். குறடு பிடித்து வளைத்தால் முழங்கை மடங்கின மாதிரி முனை விழும். கம்பியை வெட்டும்போது துண்டு தெறிக்கும், அதனால் கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். வெட்டும் முனையை ஒரு கையால் பொத்திக்கொள்ளவும் பழகுங்கள்.

முதல் தலை பறவைக்கூண்டு மாதிரி ஆனது. கண், இமை, பல், விபூதியின் மூன்று பட்டை, காதுக்குள் இருக்கும் மடிப்பு எல்லாவற்றுக்கும் கம்பி வைத்தேன். எதைப் பார்ப்பது என்றே தெரியவில்லை.

இரண்டாவது தலை மூக்கில் ஒடிந்தது. சரியாக வரவில்லை என்று அதே இடத்தை வளைத்து, நிமிர்த்தி, மறுபடி வளைத்து, ஏழாவது தடவையோ எட்டாவது தடவையோ பட்டென்று போய்விட்டது. அன்று ராத்திரி அப்பாவிடம் போனில் பேசும்போது சொன்னேன். "ஒரு எடத்தையே போட்டு மல்லுக்கட்டாத பாப்பா. கட்டுக்கம்பி ரெண்டு தடவ கேக்கும், மூணாவது தடவ கோவப்படும்" என்றார். உலோகத்தைத் திரும்பத் திரும்ப வளைத்தால் அது இறுகி, நொறுங்கும் தன்மை அடையும் என்பதைக் கல்லூரியில் நாலு வருஷம் படித்தேன். கட்டுக்கம்பி மெத்தென்று இருப்பதே சூடாக்கி மெல்ல ஆறவிடுவதால்தான். நாம் வளைக்க வளைக்க அந்த மென்மை போகிறது. அப்பா பேசியதிலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். ஒரு வளைவை வளைப்பதற்கு முன்னால் அதே வளைவை விரலால் காற்றில் பத்துத் தடவை போட்டுப் பார்ப்பது. கை உறுதியானதும்தான் கம்பியைத் தொடுவது.

மூன்றாவது தலையைக் காகிதத்தில் வரைந்த படத்தின்மேல் வைத்து, கோட்டுக்குக் கோடு வளைத்தேன். மேஜைமேல் கிடந்தபோது அருமையாக இருந்தது. தூக்கிப் பிடித்துப் பக்கவாட்டில் பார்த்தேன், ஒற்றைக் கோடு. தலைக்குப் பின்பக்கமே இல்லை. வரேஸைச் சுற்றி அத்தனை தடவை நடந்தும், செய்யும்போது மறந்துவிட்டேன். மேஜைமேல் படுக்கப்போட்டுச் செய்யாதீர்கள். உத்தரத்திலிருந்து நூலில் கட்டி, கண் உயரத்துக்குத் தொங்கவிட்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை திருப்பித் திருப்பிப் பார்த்துச் செய்யுங்கள்.

இந்த மூன்றுக்கும் பிறகுதான் சாரை நிஜமாகப் பார்க்கப் போனேன். கோயில் மண்டபத்தில் ஒரு கச்சேரி. மேடைக்கு இடது பக்கத்தில், பாடகரை விட்டுவிட்டு சாரை மட்டும் பார்க்கிற மாதிரி தரையில் உட்கார்ந்தேன். எனக்கு நானே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன். எட்டு ஆவர்த்தனத்துக்குள் ஒரு படம், அதோடு பக்கத்தைத் திருப்பிவிட வேண்டும். ஆதி தாளம் நடுத்தரக் காலத்தில் ஓடினால் அது ஒரு நிமிடத்துக்குப் பக்கம் வரும். பென்சிலைக் காகிதத்தை விட்டு எடுக்கக் கூடாது. காகிதத்தையும் பார்க்கக் கூடாது. தாளத்தைக் கேட்டுக்கொண்டே வரைவதால் பென்சில் தயங்கி நிற்க முடியாது, சமம் வந்துவிடும். வாத்தியக்காரரை வரைய நினைக்கிறவர்கள் இதைச் செய்து பார்க்க வேண்டும். முதல் பத்துப் படம் நூல்கண்டு மாதிரி இருக்கும். அதற்காக நிறுத்திவிடாதீர்கள்.

இருபத்திரண்டாவது, இருபத்தி மூன்றாவது படத்தில் ஒன்று தெரிய ஆரம்பித்தது. நான் வேண்டும் என்று போடாமலே, எல்லாப் படத்திலும் ஒரே கோடு வந்துகொண்டிருந்தது. வலது காதிலிருந்து கழுத்து வழியாக இறங்கி, இடது தோளைத் தொட்டு, அங்கிருந்து முழங்கை வழியாகத் தொப்பிமேல், அதாவது மிருதங்கத்தின் இடது பக்கத் தோல்மேல், இருக்கும் கைக்குப் போகிற ஒரு வளைவு. சார் வாசிக்கும்போது தலை இடது தோளை நோக்கிச் சாய்கிறது, தாடை கொஞ்சம் உள்வாங்குகிறது. இடது கை தொப்பியில் கும்கி என்ற குமுறும் நாதத்தைக் கொடுக்கும்போது மணிக்கட்டு தோலை விட்டு விலகாமல் தேய்ந்து நகர்கிறது. அந்த நகர்வு தோள் வழியாக ஏறித் தலைக்குப் போகிறது. அவரை அவராக்குவது கண்ணோ மூக்கோ இல்லை, இந்தச் சாய்வுதான். பதினொரு வருஷமாக அவர் எதிரில் உட்கார்ந்து பாடம் கேட்டிருக்கிறேன். ஒரு தடவைகூட இதைப் பார்த்ததில்லை, என் கையையும் அவர் வலது கையையும்தான் பார்த்திருக்கிறேன்.

அதன்பிறகு வேலை சீக்கிரம் நடந்தது. சாய்வுக்கு ஒரு நீளக் கம்பி, காதில் தொடங்கி இடது கை நடுவிரலில் முடியும்படி. சுமார் இரண்டு மீட்டர் வெட்டிக்கொண்டேன். வெட்டும்போது தாராளமாக வெட்டுங்கள், பாதி வழியில் தீர்ந்துபோனால் இணைப்பு விழும் இடம் உங்கள் கையில் இருக்காது. முகத்துக்கு இரண்டாவது கம்பி: நெற்றி, மூக்கு, உதடு, தாடை, ஒரே ஓட்டம். மூக்குக் கண்ணாடிக்கு மூன்றாவது. கால்டரின் கம்பி முகங்களில் கம்பியைப் பெரும்பாலும் ஒன்றைச் சுற்றி ஒன்று முறுக்கித்தான் சேர்த்திருக்கும், நானும் அப்படியே செய்தேன். கட்டடத்தில் கம்பி கட்டுகிறவர்கள் போடும் அதே முறுக்கு: இரண்டு சுற்று, ஒரு திருகல், மிச்சத்தை வெட்டி, கூர்முனையை உள்பக்கம் மடக்கிவிடுவது. யாராவது தூக்கிப் பார்க்கும்போது கையைக் கிழிக்கக் கூடாது.

கண்ணுக்குக் கம்பி வைக்கவில்லை. வைத்துப் பார்த்தேன், எடுத்துவிட்டேன். கண்ணாடியின் இரண்டு வட்டமும் மூக்கில் பாதி வழி இறங்கி நிற்க, அவற்றுக்கு மேலே புருவம் ஒரு சின்ன வளைவு, அவ்வளவுதான். மிருதங்கத்தையும் முழுசாகச் செய்யவில்லை. தொப்பிப் பக்கத்து வட்டம் ஒன்று, அதிலிருந்து வலது பக்கமாக ஓடும் இரண்டு வார். மீதியைப் பார்க்கிறவர்கள் போட்டுக்கொள்வார்கள் என்று விட்டேன். எதை விடுவது என்று தீர்மானிக்கத்தான் நேரம் எடுத்தது. ஒரு கம்பியை எடுத்துவிட்டு, ஒரு நாள் அப்படியே தொங்கவிட்டுப் பார்ப்பேன். மறுநாள் காலையில் அது இல்லாதது உறுத்தினால் திரும்ப வைப்பேன், உறுத்தாவிட்டால் அதோடு விட்டது. நாலு கம்பி இப்படிப் போனது.

கடைசியில் நூல் கட்ட வேண்டிய இடம். பாரம் ஒரு பக்கம் இழுத்து, தலை குப்புறக் கவிழ்ந்தது. ஈர்ப்பு மையத்தைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கலாம், ஆனால் விரலில் மாட்டிப் பார்ப்பது சுலபம். நூலைச் சுருக்குப் போட்டு நெற்றிக் கம்பியில் முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டே போனேன். ஓர் இடத்தில் சாய்வு சரியாக வந்து நின்றது. அந்த நேரம் பார்த்து வீட்டுச் சூடேற்றி ஓடத் தொடங்கியது. தரையில் இருக்கும் துவாரத்திலிருந்து காற்று மேலே வந்ததும், சார் மெல்ல இடது பக்கம் திரும்பினார். நின்றார். வலது பக்கம் திரும்பினார். சுவரில் விழுந்த நிழலில் கண்ணாடி வட்டங்கள் சேர்ந்து ஒன்றாகி, மறுபடி இரண்டாகின. கையில் நூலோடு அப்படியே நின்றேன். முகம் செய்துகொண்டிருந்த ஒருவர் ஏன் மொபைலுக்குப் போனார் என்று அந்த நிமிடம்தான் எனக்குப் புரிந்தது. போயே தீர வேண்டியிருந்திருக்கும்.

விழா நாளில் மண்டபத்துத் தூண் ஒன்றில் ஆணி அடித்து மாட்டினோம். பின்னால் வெள்ளைத் துணி, பக்கவாட்டில் ஒரே ஒரு விளக்கு. கம்பி உருவத்துக்கு விளக்கு ஒன்றுதான் இருக்க வேண்டும், இரண்டு இருந்தால் நிழல்கள் ஒன்றையொன்று அழித்துவிடும். முதலில் பார்த்தது சாரின் மனைவி. "அய்யோ, இவரேதான்! சாப்பிட உக்காந்தாலும் இப்படித்தான் ஒரு பக்கமா சாய்ஞ்சு உக்காருவார்" என்றார். சின்னப் பிள்ளைகள் ஊதி ஊதித் திருப்பிப் பார்த்தார்கள்.

சார் கிட்டே வந்து ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. சுற்றிவந்து பார்த்தார். நான் மெல்ல, "நீங்க பாட்டைக் கேக்கறப்ப இப்படித்தான் சார் தலையைச் சாய்ப்பீங்க" என்றேன்.

"கேக்கறதுக்கு மட்டும் இல்லம்மா" என்றார். "தனி ஆவர்த்தனம் வாசிக்கறப்ப வேர்வையில கண்ணாடி நழுவும். ரெண்டு கையும் வேலையில இருக்கும். தோளை வச்சுத்தான் மேல தள்ளணும். முப்பது வருஷமா தள்ளிட்டே இருக்கேன், அதுவே பழகிப்போச்சு." சொல்லிக்கொண்டே தலையை இடது தோளுக்குச் சாய்த்து, கண்ணாடியை மேலே ஏற்றினார். துணியில் இருந்த நிழலும் அப்போது அதே பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது.

இப்போது அது அவர் வகுப்பு எடுக்கும் அறையில், ஜன்னல் ஓரமாகத் தொங்குகிறது. பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பு என்ற அடியை அடிக்கும்போது வட்டத்தில் இருக்கும் வார்க் கம்பிகள் லேசாக அதிரும்.